விடிந்தால் ஒருத்திக்கு, பொழுது சாய்ந்தால் ஒருத்திக்கு

தேவகிக்கும் கனகாவுக்கும் சண்டை வந்தால் அது விடியற்காலையில்தான் வரும். சண்டை என்றால் இரண்டு பேரும் கத்துவது இல்லை. தேவகி ஒருத்திதான் பேசுவாள். கனகா பாயில் உட்கார்ந்தபடி இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டு, அவை யாருடைய கைகளோ என்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பாள்.

காவாந்தண்டலத்தில் அந்த வீடு அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. மூத்தவர் ராஜாராம், தேவகியின் கணவர். இளையவன் பாண்டுரங்கன், கனகாவின் கணவன். மாமனார், மாமியார் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஏரிப் பாய்ச்சலில் நிலம், கொட்டகை நிறைய மாடு, பின்னால் கேணி. வேலைக்குப் பஞ்சமில்லாத வீடு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தேவகி அதை ஒருத்தியாகவே சுமந்தாள். ஓரகத்தி வந்தால் பாதிச் சுமை இறங்கும் என்று காத்திருந்தாள். கனகா வந்தாள், இறங்கவும் செய்தது. பிறகு பாஞ்சாலி பிறந்தாள். அந்தப் பிரசவத்துக்கு அப்புறம்தான் கனகாவுக்கு இந்தக் காலைநேரத்துக் கோளாறு வந்தது.

"பொயுது விடிஞ்சா மாடு கத்துது, கொயந்த கத்துது. இவ மட்டும் கோயில்ல வெச்ச செல மாதிரி குந்திக்கினு கீறா!" என்று சொல்லிக்கொண்டே சாணத் தண்ணீரோடு வாசலுக்குப் போவாள் தேவகி.

கனகா சும்மாவே கிடந்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. வெயில் ஏற ஏற இவள் எழுந்து நடமாடுவாள். நாஷ்டா நேரத்துக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு வருவாள். மத்தியானம் துணி உலர்த்துவாள். பொழுது சாய்ந்தால் சோறாக்கி, குழந்தைக்கு ஊட்டி, சிரித்துப் பேசுவாள். வேலை மலையாகக் குவிந்திருக்கும்போது வந்து, வேலை முடிந்ததும் போய்விடுகிற நோயை தேவகி எங்கேயும் கேள்விப்பட்டதில்லை.

வலி என்றால் என்னவென்று தெரியாதவளும் இல்லை அவள். பொழுது போனால் அவளுடைய முட்டிகள் இரண்டும் அவளுக்குச் சொந்தமில்லை. பால் கறக்கக் குந்தினால் எழுந்திருக்க மாட்டின் முதுகைப் பிடிக்க வேண்டும். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் காலை நீட்டி, வேப்பெண்ணெயைச் சூடாக்கித் தேய்த்துக்கொண்டு முனகுவாள். ஆனால் ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் போதும், தண்ணீரில் போட்ட உப்பு மாதிரி வலி கரைந்திருக்கும். தூக்கம் வலியைப் போக்கும் என்பது அவள் உடம்பே அவளுக்குச் சொன்ன பாடம். தூங்கி எழுந்ததால் வலி வருகிறது என்று ஒருத்தி சொன்னால் அதை அவள் எப்படி நம்புவாள்?

பஞ்சாயத்து யூனியன் வந்த புதிது. அந்த வருஷம் ஏரி நிரம்பி, நடவு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. ஆண்கள் இருட்டோடு கழனிக்குப் போய்விட்டார்கள். தேவகி அடுப்பங்கரையில் கூலியாட்களுக்குக் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தாள். கூடத்தில் பாஞ்சாலி எழுந்து அழுதது. அழுகை நிற்கவில்லை.

"பெத்தவளுக்குக் காது அவிஞ்சி பூட்ச்சா? புள்ளைய தூக்கினு வா. நானாச்சும் ரவ பாலு குடுக்கிறேன்!"

பாய் சரசரத்தது. விரல்கள் மடங்காததால் கனகா குழந்தையை முன்கைகளுக்கு நடுவில் இடுக்கித் தூக்கி, பாதங்களைத் தேய்த்துத் தேய்த்து நடந்து வந்தாள். கூடத்துக்கும் அடுப்பங்கரைக்கும் நடுவில் ஒரு நிலைப்படி இருந்தது. பழைய வேங்கை மரம், முழங்காலில் பாதி உயரம் நிற்கும். கனகாவின் வலது கால் அதைத் தாண்டியது. இடது கால் எழும்பவில்லை.

விழுகிறபோதே அவள் உடம்பைத் திருப்பிக்கொண்டதை தேவகி கண்ணால் பார்த்தாள். குழந்தை மார்மேல் பத்திரமாக இருந்தது. கனகாவின் நெற்றி அம்மிக்கல்லின் விளிம்பில் மோதியது.

தேவகி குழந்தையை வாரி எடுத்தாள். ரத்தம் புருவத்தில் வழிந்தது. "கையைக் குடுடி, கையைக் குடு" என்று தன் கையை நீட்டினாள். கனகா கையை வைத்தாள். ஆனால் அந்த விரல்கள் இவள் கையைப் பற்றவில்லை. விறகுச் சுள்ளியைப் போல் நீட்டியபடியே இருந்தன. தேவகி அவசரத்தில் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். கனகா வீறிட்டாள்.

தேவகி பதறிக் கையை விட்டாள். மறுபடியும் மெதுவாகத் தொட்டுப் பார்த்தாள். கனகாவுக்கு உடம்பு சுடவில்லை. மணிக்கட்டு மட்டும் காய்ச்சல்காரி நெற்றி மாதிரிச் சுட்டது. இடுப்பில் கையைக் கொடுத்துத்தான் அவளைத் தூக்கி உட்கார வைத்தாள். தூக்கும்போது அவள் வாயில் வசவு எதுவும் வரவில்லை.

பக்கத்து வீட்டு ஆண்டாளம்மாளிடம் குழந்தையை விட்டுவிட்டு, நெற்றியில் துணியைக் கட்டி, கனகாவை பஸ்ஸில் ஏற்றி உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டர் நெற்றியில் தையல் போட்டார். போட்டுவிட்டுப் போய்விடவில்லை. கனகாவின் விரல் கணுக்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, பாதங்களையும் பார்த்து, இது மூட்டு வாதம் என்றார். மாத்திரை எழுதிக்கொடுத்து, மற்றதை நர்ஸம்மா சொல்லுவாங்க என்று அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

கட்டுப் போட வந்த நர்ஸை தேவகிக்கு அடையாளம் தெரிந்தது. தங்கள் கழனியில் நடவு நடும் சிட்டம்மாளின் மகள், மார்த்தாள். செங்கல்பட்டில் மிஷன் விடுதியில் தங்கிப் படித்தவள். சின்ன வயசில் வரப்பில் தாய்க்காகக் காத்துக்கொண்டு நின்றவள் இப்போது வெள்ளைப் புடவையில் நிற்கிறாள். அவளை 'நீ' என்பதா, 'நீங்க' என்பதா என்று தேவகிக்குப் பிடிபடவில்லை. இரண்டும் இல்லாமல் பேச ஆரம்பித்தாள்.

"ஒண்ணு மட்டும் எனக்கு வெளங்கணும். காலையில கட்டையா கெடக்கிறா. சாயந்திரம் ஆனா நல்லாத்தான் கீறா. அது இன்னா நோவு?"

"அதேதாம்மா நோவு" என்றாள் மார்த்தாள். பிறகு கனகாவிடம் திரும்பினாள். "எயுந்ததும் எப்படி கீது? குத்துதா, கொடையுதா, எரியுதா?"

இந்தக் கேள்வியை அதுவரை யாரும் கனகாவிடம் கேட்டதில்லை. அவள் கொஞ்சம் யோசித்தாள். "குத்தல நர்ஸம்மா. ராத்திரி யாரோ வெரலு வெரலா ஈரத்துணி சுத்திட்டுப் போயி, அது விடியறதுக்குள்ள காஞ்சி இறுகின மாதிரி. மடக்கினா ஒடஞ்சிடுமோன்னு கீது. நடமாட நடமாட அந்தக் கட்டு தளரும்."

"வேல செஞ்சா ஜாஸ்தியாவுதா, சும்மா இருந்தா ஜாஸ்தியாவுதா?"

"சும்மா இருந்தாத்தான். அதைச் சொன்னா யாரு நம்புவாங்க?"

தேவகி சேலைத் தலைப்பைத் திருகினாள். மார்த்தாள் அவளையும் பார்த்தாள். "நீங்க உக்காரும்போது முட்டியைப் புடிச்சிக்கினு உக்காந்தீங்களே. அது எப்போ வலிக்கும்?"

"அது கெடக்குது. நாளெல்லாம் ஓடினா சாயந்திரம் வலிக்கும். படுத்து எயுந்தா பூடும்."

"அது தேய்மானம்மா. ஒயைச்சா வலி, ஓஞ்சா சொகம். இவங்களுது உள்ளாற வீங்கிச் சூடு ஏர்ற நோவு. ஓஞ்சா இறுகும், அசைஞ்சா தளரும். ஊரு ரெண்டையும் மூட்டுவலின்னுதான் சொல்லுது. ஆனா உங்க வலிய வெச்சி அவங்க வலிய அளக்க முடியாது. அவங்க வலிய வெச்சி உங்களுதையும் அளக்க முடியாது."

மாத்திரையை வெறும் வயிற்றில் போடக்கூடாது என்றாள். காலையில் எழுந்ததும் கைகளை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துக்கொண்டு மெல்ல மடக்கி நீட்ட வேண்டும் என்றாள்.

"பூடுமா?" என்று கேட்டாள் கனகா.

மார்த்தாள் கட்டை முடித்துவிட்டு அவளைப் பார்த்தாள். "ஏறும், எறங்கும். அடியோட பூடும்னு உங்க கிட்ட பொய் சொல்ல மாட்டேன். ஆனா தடுக்கி வியாம இருக்கறது நம்ம கையில கீது. வூட்டைப் பாத்தாத்தான் சொல்ல முடியும். ஊசி போட உங்க ஊருக்கு வருவேன், அப்போ பாக்கிறேன்."

பஸ் வர நேரமாகும் என்றார்கள். இரண்டு பேரும் புளியமர நிழலில் உட்கார்ந்தார்கள்.

"அக்கா" என்றாள் கனகா. "ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டியே?"

"சொல்லு."

"சாயந்திரம் நீ முட்டியைப் புடிச்சிக்கினு மொனகுவ இல்ல? ராச்சோறு ஆக்கறத எந்தலையில கட்டத்தான் நடிக்கிறன்னு நெனச்சிக்கினு இருந்தேன். காலையில மானு மாதிரி ஓட்றவளுக்கு வெளக்கு வெச்சா மட்டும் இன்னா வந்துடும்னு."

தேவகி வாயைத் திறந்தபடி அவளைப் பார்த்தாள். "அடிப்பாவி! நீயுமா?" என்றாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கனகாவும் சிரித்தாள், தையல் இழுத்ததால் நெற்றியைப் புறங்கையால் தாங்கிக்கொண்டு சிரித்தாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்து முடித்தபோது தேவகியின் கண்ணில் தண்ணீர் இருந்தது. அவள் அதைத் துடைக்காமல் கனகாவின் கையை எடுத்து, பிடிக்காமல், சும்மா தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து தேவகி விடியற்காலையில் முதல் வேலையாக வெந்நீர் வைத்தாள். காலை வேலையெல்லாம் அவள் பொறுப்பு. பொழுது சாய்ந்தால் அடுப்பும் மாடும் கனகா பொறுப்பு. பால் கறக்க விரல் வராத நாட்களில் பாண்டுரங்கன் கறந்தான்.

சொன்னபடி மார்த்தாள் ஒரு நாள் ஊருக்கு வந்தாள். சேரியிலும் ஊரிலும் ஊசி போட்டு முடித்துவிட்டு, பையோடு வந்து தெருவிலேயே நின்றாள். யாரும் நிற்கச் சொல்லவில்லை. அந்த வீட்டுக்கு எதிரில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பது அவள் தாய் காலத்திலிருந்து வந்த பழக்கம்.

ராஜாராம் வீட்டில் இருந்தார். "சிட்டம்மா பொண்ணா? பின்பக்கமா தோட்டத்துக்கு வரச் சொல்லு" என்றார்.

அது மார்த்தாளுக்கும் கேட்டது. "எந்தப் பக்கமா வந்தாலும் சரிம்மா. ஆனா அவங்க எங்க வியுந்தாங்களோ அந்த எடத்தை நான் பாக்கணும்" என்றாள், குரலை உயர்த்தாமல்.

கனகா விழுந்த இடம் வீட்டின் நடுவில் இருந்தது. தேவகி புருஷனைப் பார்த்தாள். தெருவைப் பார்த்தாள். எதிர்வீட்டில் ஆட்கள் நின்றார்கள். இந்தப் பெண் தொட்டுத்தானே கனகாவின் நெற்றிக்கு மருந்து போட்டாள், அதே கையை வாசலில் நிறுத்தினால் அது என்ன நியாயம் என்று தோன்றியது.

"உள்ள வாங்க" என்றாள்.

ராஜாராம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்விட்டார்.

மார்த்தாள் கனகாவைப் பாயிலிருந்து எழுந்து காட்டச் சொன்னாள். தரையிலிருந்து எழுவதிலேயே பாதி உயிர் போகிறது, கயிற்றுக் கட்டில் போடுங்கள் என்றாள். கேணியடிக்குப் போய்க் கல்லில் படிந்திருந்த பாசியைக் காலால் தேய்த்துக் காட்டினாள். "இது ரெண்டு பேருக்கும் எமன். ஆத்து மணலைப் போட்டு ஓயாம தேயுங்க." குடத்தின் கழுத்தை விரலால் பிடிக்காமல், முன்கையை வளைத்து இடுப்போடு அணைக்க வேண்டும் என்று தானே தூக்கிக் காட்டினாள். கரண்டிக் காம்புகளில் பழந்துணியைச் சுற்றித் தடிமனாக்கச் சொன்னாள். தேவகியை, கூட்டுவதற்கு நீளக் காம்பு வைத்த துடைப்பம் வாங்கச் சொன்னாள். கடைசியில் நிலைப்படியைப் பார்த்து நின்றாள்.

"இதை எடுத்துடுங்க."

அன்றைக்குச் சாயங்காலம் தேவகி புருஷனிடம் சொன்னாள்.

"எங்கப்பா காலத்துப் படி" என்றார் ராஜாராம். "மஞ்சள் குங்குமம் வெச்சிக் கும்புடற படி. அதைப் பேத்து எறிஞ்சிட்டா அப்பால லச்சுமி எங்க நிப்பா?"

"வூட்டு லச்சுமிங்க ரெண்டு பேரும்தான் நொண்டிக்கினு கீறோமே. அது கண்ணுக்குத் தெரியலியா?"

பாண்டுரங்கன் அண்ணனை எதிர்த்துப் பேசிப் பழகாதவன். கால் கட்டை விரலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

தேவகிக்கு இரண்டு நாள் அதே நினைப்பு. படியை எடுத்தால் அவர் மனசு நோகும். விட்டால் இவள் மறுபடி விழுவாள். மூன்றாம் நாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவள் கொட்டகை முன்னால் நின்றாள். வண்டி ஏறுவதற்காக அங்கே களிமண்ணும் சரளையும் போட்டுச் சரிவாக இடித்து வைத்திருந்தார்கள். மாடு தடுக்கி விழக்கூடாது என்று ராஜாராமே போட்ட சரிவு அது.

அவள் நேராகப் பாண்டுரங்கனிடம் போனாள். "தம்பி, ஏரி மண்ணு ரெண்டு கூடை வேணும்."

அண்ணன் வாலாஜாபாத் சந்தைக்குப் போயிருந்த நாளில் இரண்டு பேரும் வேலையை முடித்தார்கள். மண்ணில் உமியைக் கலந்து பிசைந்து, படியின் இரண்டு பக்கமும் நீளமாகச் சரித்துப் போட்டு, கட்டையால் தட்டி இறுக்கி, சாணம் மெழுகினார்கள். படி எங்கேயும் போய்விடவில்லை. அதன் மேல்முகம் மட்டும் மண்ணுக்குச் சமமாகத் தெரிந்தது. அதன்மேல் கனகா உள்ளங்கையால் மஞ்சள் பூசினாள். விரலால் வைக்க முடியாத குங்குமத்தைத் தேவகி வைத்தாள்.

ராஜாராம் வந்தார். அடுப்பங்கரைக்குச் சாப்பிட நடந்தவர் பழக்கத்தில் காலை உயரத் தூக்கி வைத்தார். தாண்டுவதற்கு ஒன்றும் இல்லாததால் கால் தொப்பென்று இறங்கி ஆள் ஒரு ஆட்டம் ஆடிவிட்டார். திரும்பிப் பார்த்தார். மஞ்சளையும் குங்குமத்தையும் பார்த்தார். தேவகி இலையைப் போட்டுவிட்டு அடுப்பைப் பார்த்து நின்றாள்.

அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார்.

"ஈரம் காயறதுக்கு முந்தி மிதிச்சா மேடுபள்ளமா பூடும்" என்றார். "ரெண்டு நாளைக்கு ஒரு பலகையைப் போட்டு வைங்க."

பலகையையும் அவரே கொண்டுவந்து போட்டார்.

அடுத்த நடவில் தேவகி கூழ் எடுத்துக்கொண்டு கழனிக்குப் போனாள். சிட்டம்மாள் வரிசையில் பின்தங்கி, இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து நின்றாள். போன வருஷமாக இருந்தால் தேவகி வரப்பிலிருந்தே ஒரு சத்தம் போட்டிருப்பாள்.

"சிட்டம்மா, எங்க வலிக்குது உனக்கு?"

"இல்லம்மா, இல்லம்மா. தோ, முடிச்சிட்றேன்" என்று சிட்டம்மாள் அவசரமாகக் குனிந்தாள்.

"வேலையைக் கேக்கல. வலியைக் கேக்கிறேன். குத்துதா, இயுக்குதா?"

சிட்டம்மாள் சேற்றுக் கையோடு அப்படியே நின்றாள். "இடுப்புல புடிச்சி குதிகாலு வரைக்கும் மின்னலு மாதிரி எறங்குதும்மா" என்றாள் மெதுவாக. "எம் பொண்ணைத் தவிர இதை யாரும் கேட்டதில்ல."

இது இன்னொரு வலி என்று தேவகிக்குத் தோன்றியது. தன்னுடையதும் இல்லை, கனகாவுடையதும் இல்லை. "கரையேறி வா. ரவ உக்காரு" என்றாள். சிட்டம்மாள் தயங்கித் தயங்கி வரப்பில் வந்து உட்கார்ந்தாள். மறுநாளிலிருந்து அவளுக்குக் களத்தில் நிமிர்ந்து செய்கிற வேலை கொடுக்கச் சொல்லிப் பாண்டுரங்கனிடம் தேவகி சொன்னாள்.

கனகாவின் நோய் போகவில்லை. மார்த்தாள் சொன்னபடி ஏறியது, இறங்கியது. வருஷங்கள் போகப் போக அவள் விரல்கள் காற்றுக்குச் சாய்ந்த நாற்றுபோல் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. தேவகியின் முட்டி வளைந்தது. ஆனால் அந்த வீட்டுக்குள் அதற்கப்புறம் இருவரும் விழவில்லை. மார்த்தாளுக்கு வாலாஜாபாத்துக்கு மாற்றலானது. போகும் முன் சொல்லிக்கொள்ள வந்தாள். அவள் தெருவில் நிற்பதற்கு முன்னாலேயே கனகா எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள்.

கார்த்திகை மழையில்தான் கனகாவுக்கு வலி அதிகம். அப்படி ஒரு மழை நாளில், இன்னும் இருட்டுப் பிரியவில்லை, தேவகி வெந்நீர்ச் சட்டியைக் கட்டிலருகில் கொண்டுவந்து வைத்தாள்.

"இன்னிக்கி எப்படிடி கீது?"

கனகா கைகளைத் தண்ணீரில் விட்டாள். கண்ணை மூடிக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தாள்.

"ரொம்ப இறுகிக் கெடக்குதுக்கா. இன்னிக்கி நேரமாவும்."

"ஆவட்டும்" என்று சொல்லிவிட்டு தேவகி வளர்ந்துவிட்ட பாஞ்சாலியையும் கூட்டிக்கொண்டு மாட்டைப் பார்க்கப் போனாள்.